பெயரே வசையாகும்போது

ஓர் இனத்தின் பெயரை வசையாக மாற்றுவதற்குப் புதிய சொல் எதுவும் தேவைப்படுவதில்லை. இருக்கின்ற பெயரைச் சற்றுக் குறுக்கினாலோ, அதற்கு முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்த்தாலோ போதுமானது. இந்த உண்மையைத் தமிழ் பேசும் மக்களுக்கு எவரும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிங்கள மொழியில் 'தெமள' என்பது தமிழரைக் குறிக்கும் சாதாரண சொல்லே. அந்நியன் என்ற இழிவுப் பொருள் தரும் 'பற' என்ற அடைமொழி சேர்ந்ததும் அது வசையாயிற்று. 1958 இலும் 1983 இலும் தென்னிலங்கையில் வீடு வாசல்களை இழந்த தமிழர்கள் கப்பலேறிக் குடாநாட்டுக்கு வந்து சேர்ந்தனர். அடி விழுவதற்கு முன்னரே அந்தச் சொல் அவர்கள் மீது விழுந்துவிட்டது.

எமக்கு இழைக்கப்பட்டவற்றை மறவாத நாம், எமது வாயிலிருந்து பிறப்பவற்றை எண்ணிப் பார்க்கின்றோமா என்பதே இங்கு எழும் கேள்வி.

'சோனகர்' என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர். குடிசன மதிப்பீட்டிலும் 'இலங்கைச் சோனகர்' என்பதே பெரும்பாலான முஸ்லிம்களின் இனப்பெயர். யாழ். நகரில் சோனகத் தெரு என்பது ஒரு வதிவிடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் அப்பெயர் 'சோனி' என்று குறுகும்போது அதில் மரியாதை எஞ்சுவதில்லை. கடையில் 'நானா' என்று உறவுமுறை கூறி அழைத்தவரைப் பற்றி, வெளியே வந்ததும் இவ்வாறு பேசுவோர் எம்மிடையே உள்ளனர் என்பதை மறுத்துரைக்க முடியாது.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ். முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு ஒலிபெருக்கி மூலம் அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தினுள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டனர். அம்மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அது ஓர் அரசியல் தவறு என்பதை 2002 ஏப்ரலில் அன்ரன் பாலசிங்கம் ஏற்றுக்கொண்டார். துப்பாக்கிக்கு முன்னால் அன்று எவராலும் வாய் திறக்க இயலவில்லை என்பது உண்மையே. கண்ணீருடன் வழியனுப்பிய அயலவர்களும் இருந்தனர். ஆயினும், 'சோனி' என்று சொல்லிப் பழகிய ஒருவருக்கு, அன்று போனவர்கள் தம் அயலவர்களாகத் தெரியாமல், வெறும் 'அவர்கள்' என்றே தெரிந்திருக்கவும் கூடும். வசைச்சொல் செய்யும் பெருங்கேடு இதுவேயாகும்.

மலையக மக்கள் விடயத்திலும் எமது கைகள் சுத்தமானவையல்ல. 'கள்ளத்தோணி' என்று அவர்கள் தூற்றப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியா சென்றவர்கள் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கே எஞ்சியோர் 'இந்தியாக்காரர்' ஆகவே கருதப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அமர்த்திக்கொண்ட குடாநாடு, அவர்களைத் 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்று அழைக்கவும் தயங்கவில்லை. நாடு ஒரு சட்டத்தினால் செய்ததை நாம் ஒரு சொல்லினால் செய்தோம்.

இது ஒருவழிப் பாதையுமன்று. தமிழர் அனைவரையும் 'புலி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவோர் முஸ்லிம்களிடையேயும் உள்ளனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், 'பயங்கரவாதி' என்ற சொல் தம்மீது எவ்விதத் தெரிவுமின்றி வீசப்பட்டபோது அதன் வலியை அவர்களும் அனுபவித்தனர். ஒரே வலியை அறிந்த இரு சமூகங்கள், அதனையே ஒன்றுக்கொன்று பரிசளித்துக்கொள்வது பெரும் அவலமாகும்.

இதற்குச் சட்டம் போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் சர்வதேச குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டம் 2007 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் 2019 மே மாதத்தில் ஹசலக்கவில், கப்பற் சுக்கான் படம் பொறித்த ஆடையைத் தர்மச்சக்கரம் எனக் கருதி, அதனை அணிந்திருந்த முஸ்லிம் பெண் ஒருவரைக் கைது செய்வதற்கும் அச்சட்டமே பயன்பட்டது. காக்க வேண்டியவரையே தண்டிக்கும் சட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

ஆகவே திருத்தம் வீட்டுத் திண்ணையிலும், வகுப்பறையிலும், தேர்தல் மேடையிலும், எம்மைப் போன்ற பத்திரிகைகளின் பத்திகளிலும் தொடங்கவேண்டும். இதற்கான அளவுகோல் எளிமையானது. ஒரு சமூகம் தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றதோ, அப்பெயராலேயே அதனை அழைக்கவேண்டும். அவர் முன்னிலையில் சொல்லக் கூசும் சொல்லை அவர் இல்லாத இடத்திலும் சொல்லலாகாது.

வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒரு பகுதியினரே சோனகத் தெருவுக்குத் திரும்பியுள்ளனர். பெரும்பாலானோர் இன்னமும் புத்தளத்தில் வாழ்கின்றனர். காணியும் வீடும் மட்டும் அவர்களை மீள அழைத்துவரப் போதா. தம் பிள்ளைகளின் காதில் இங்கு எந்தப் பெயர் விழும் என்பதையும் அவர்கள் எண்ணியே தீர்மானிப்பர். அதற்கான பொறுப்பு எம்முடையது.