கரப்பானும் கத்திரிக்காயும்

குழந்தையின் கன்னம் சிவந்து தடித்து, நீர் கசிகிறதா? வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "கரப்பான்! தாய்க்காரி கத்திரிக்காய் தின்றிருப்பாள்!" மாணிக்கவாசகர் அவதரித்த திருவாதவூரானாலும் சரி, மதுரைப் பட்டணமானாலும் சரி, தீர்ப்பு இதுதான். அன்று முதல் தாய்க்குப் பத்தியம். குழந்தைக்கு முட்டை, மீன், பால் எல்லாம் விலக்கு.

பாவம், கத்திரிக்காய்! பெரும்பாலும் அதன்மேல் குற்றமில்லை. தோல் என்பது தேகத்துக்கு மதில் சுவர். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுவர் பலவீனம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும். தூசியும் சோப்பும் உள்ளே புகுந்து உறுத்தும். 'ஃபிலாக்ரின்' என்ற புரதக் குறைவு இதற்கு ஒரு முக்கிய காரணம் என்று 2006-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். ஒட்டிக்கொள்ளும் வியாதி மட்டும் அல்ல. தைரியமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

காரணமின்றிப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால் குழந்தை இளைத்துப் போகும். ஏதாவது சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வாந்தியோ கண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்; எதை நிறுத்துவதென்று அவர் தீர்மானிக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிஷத்துக்குள் குளிப்பாட்டுங்கள். கடலை மாவும் பயற்ற மாவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத வாஸலின் தடவுங்கள். இல்லையேல் சுத்தமான தேங்காயெண்ணெய். தினம் இரு வேளை, புண் ஆறிய பிறகும் விடக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சித்திரை வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டை போதும். வியர்வை அரிப்பைக் கிளறும்.

மருந்துக் கடையில் நீங்களாகக் களிம்பு கேட்டு வாங்காதீர்கள். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. கண்டபடி பூசினால் தோல் மெலிந்துவிடும். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய களிம்பு, உங்கள் இரண்டு கையளவு இடத்துக்குப் போதும்.

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் - இவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

பல குழந்தைகளுக்கு வளர வளர இது தணிந்துவிடும். அதுவரை பொறுமையும் வாஸலினும்தான் வேண்டும். கத்திரிக்காய்க் குழம்பை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்!