அணையைப் பார்த்தோம், தண்ணீர் ஓரத்தைப் பார்த்தோமா?



டூர் என்றால் நமக்கு என்ன? பஸ் ஏறியதும் பாட்டு, அணையைப் பின்னால் வைத்து ஒரு போட்டோ, பூங்கா வாசலில் பொரித்த மீன், இருட்டுவதற்குள் ஹாஸ்டல். அப்புறம் ரிப்போர்ட். பவானிசாகர் அணை 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது, 105 அடி, 32.8 டி.எம்.சி., எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் அணை... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் அந்தத் தண்ணீரின் ஓரத்தில் ஜனவரி மாதம் யார் யார் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள் என்று கேட்டால்? பேந்தப் பேந்த முழிப்போம்!

இந்த ஆண்டு ஜனவரியில் நாங்கள் 22 பேர் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே பறவை பார்க்கப் போனோம். "என்னடா, சிவில் படிக்கிறவனுக்குக் குருவி எதுக்கு?" என்று ஹாஸ்டலே சிரித்தது. என் கருத்து இதுதான்: மற்ற யாரையும் விட நமக்குத்தான் அது தேவை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவிடலாம். வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத்தான் இங்கே வருகின்றன என்று பலரும் நம்புகிறோம். அப்படியில்லை. வடக்கே இருந்து வரும் வாத்தும் உள்ளானும் வாலாட்டிக் குருவியும் கோடையில் தங்கள் ஊரிலேயே குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிரில் இரை கிடைக்காமல் இங்கே சாப்பிட வருகின்றன. வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டுப் பறவைகள். ஆக, குளிர்கால விருந்தாளிக்கு வேண்டியது கூடு அல்ல, சாப்பாடு.

அந்தச் சாப்பாடு எங்கே இருக்கிறது? நாம் ரிப்போர்ட்டில் எழுதும் ஆழத்தில் இல்லை. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழம் வரைக்கும்தான் மேயும். ஓர் அடி, ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளானுக்குச் சில அங்குலத் தண்ணீரும் ஈரச் சேறும் போதும். கால்வாயில் தண்ணீர் திறந்து மட்டம் இறங்க இறங்க, புதிதாக வெளிப்படும் சேற்றில்தான் புழுவும் பூச்சியும் கிடைக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கரை நூறுக்கு ஒன்று என்ற சரிவில் இருந்தால், தண்ணீர் ஓர் அடி இறங்கும்போது நூறு அடி அகலத்துக்கு நிலம் வெளிப்படும். அதையே இரண்டுக்கு ஒன்று என்று வெட்டிக் கல் பதித்துவிட்டால், வெளிப்படுவது இரண்டே அடி, அதுவும் கல்! நூறு அடிப் பந்திக்கும் இரண்டடிப் பந்திக்கும் வித்தியாசம் தெரிகிறதல்லவா?

நாளைக்கு நம்மில் ஒருவர் ஓவர்சியர் ஆவார், இன்னொருவர் காண்டிராக்டரிடம் சைட் சூப்பர்வைசர் ஆவார். ஏரி தூர் வாரும் வேலைக்கு லெவல் எடுப்பதும், எஸ்டிமேட் போடுவதும், எம்-புக் எழுதுவதும் நாம்தான். "தண்ணி மனுஷனுக்கா, பறவைக்கா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூர் வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடுவில் வேண்டிய மட்டும் தோண்டட்டும். நீர்வரத்துப் பக்கம் கொஞ்ச தூரம் சரிவை அப்படியே விடலாமே? எடுத்த மண்ணில் நாலு திட்டு போட்டுக் கருவேலம் வளர்க்கலாமே? இதைச் சொல்லத் தோன்றுவது, ஒருமுறையாவது அந்த ஓரத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான்.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் அங்கே பாடம் உண்டு. பெரும்பாலும் மீனையே தின்னும் விரால் அடிப்பான் தன் வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. அடிப்பாதத்தில் முள் வேறு. வைஸில் மாட்டிய ஜாப் மாதிரிதான், மீன் வழுக்காது! காற்றுத் தடை குறைய, மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கிறது. வாயடைத்துப் போய் நின்றோம்.

எண்ணுவதும் ஒரு வித்தைதான். ஒரே நீர்க்காகக் கூட்டத்தை நாலு பேர் எண்ணினோம். ஒருவர் 60 என்றார், ஒருவர் 140 என்றார். பிறகு பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவை வைத்து மொத்தக் கூட்டத்தையும் அளந்தோம். நாலு பேர் கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. சர்வே வகுப்பு ஞாபகம் வந்தது.

கூட்டமாகப் போவதால் கட்டுப்பாடும் வேண்டும். மைக் செட் கூடாது. பறக்கும் அழகைப் பார்க்கிறேன் என்று கல்லெறியக் கூடாது. திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்கு அவை சேர்த்து வைக்கும் கொழுப்பை, வீணாக எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் நாம் கரைக்கிறோம். அந்த நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சத்தியமங்கலம் காடு இருக்கிறது. யானை தண்ணீருக்கு வரும். அனுமதித்த இடத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கக் கூடாது. வீரம் காட்ட வேறு இடம் பார்க்கலாம்!

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள்: டூர் நிதியில் ஆண்டுக்கு ஒரு பஸ், இரண்டு பைனாகுலர், ஒரு கனமான நோட்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. சாதாரண ஆர்வலர்கள் எண்ணித்தான் அது நிறைகிறது. நாமும் சேரலாம். தேதி, நேரம், பேப்பரில் வந்த அணை மட்டம், பக்கத்தில் நம் பறவைக் கணக்கு. நாம் பாஸாகிப் போனாலும் ஜூனியர்கள் தொடரட்டும். பத்து வருஷம் சேர்ந்தால், எந்த மட்டத்தில் எத்தனை பறவை என்று சொல்லும் ஆவணம் நம் கல்லூரி நூலகத்தில் இருக்கும்.

ஒரு காலைத் தூக்கம்தானே போகும்? போகட்டும் நண்பர்களே! அடுத்த ஜனவரிக்கு இப்போதே பெயர் கொடுங்கள்.

– மூன்றாம் ஆண்டு, சிவில்