ஆபிரிக்க தினமும் உதிர்ந்துபோன சொல்லும்

ஆண்டுதோறும் மே மாதம் 25ஆந் திகதி ஆபிரிக்க தினம் கொண்டாடப்படுகிறது. பல நாட்டுத் தலைநகரங்களில் தூதரகங்கள் விருந்தளிக்கின்றன; முரசு முழங்குகிறது; வண்ண ஆடை புனைந்தோர் ஆடுகின்றனர்; மேடையேறுவோர் அக்கண்டத்தின் 'பண்பாட்டு வளத்தை'ப் புகழ்ந்து அமர்கின்றனர். ஆடலுக்கும் பாடலுக்கும் நாம் பகைவரல்லர். ஆயினும் இக்கொண்டாட்டங்களைப் பார்க்குந்தோறும் எமக்கு ஒரு வினா எழுகிறது: இந்நாளின் பெயரில் இருந்த 'விடுதலை' என்ற சொல் எங்கே போயிற்று?

அச்சொல் அங்கே இருந்தது. 1958 ஏப்ரல் 15ஆந் திகதி, கானாவின் தலைநகராகிய அக்கிராவில், அந்நாளில் சுதந்திரம் பெற்றிருந்த எட்டு ஆபிரிக்க நாடுகள் குவாமே என்குருமாவின் அழைப்பையேற்றுக் கூடின. அந்நாளை ஆபிரிக்கச் சுதந்திர தினமாக அறிவித்தன. ஐந்தாண்டுகளின் பின், 1963 மே 25இல், அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் ஒன்றுகூடி ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனத்தைத் தோற்றுவித்தபோது, அத்திகதியே ஆபிரிக்க விடுதலை தினமாயிற்று. போராடும் மக்களுக்குத் துணைபுரிய விடுதலைக் குழுவொன்றும் அமைக்கப்பட்டுத் தாருஸ்ஸலாமில் இயங்கிற்று. அங்கோலாவும் மொசாம்பிக்கும் போர்த்துக்கலின் பிடியிலும், ரொடீசியாவும் தென்னாபிரிக்காவும் வெள்ளையரின் சிறுபான்மை ஆட்சியிலும் நலிந்த காலம் அது. எத்தனை நாடுகள் மீண்டன, இன்னும் எத்தனை மீளவேண்டும் என்று ஆண்டுக்கொருமுறை கணக்குப் பார்ப்பதற்கே அந்நாள் குறிக்கப்பட்டது.

அதே 1963இல் ஒக்ஸ்போட் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர், ஆபிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, எஞ்சியதெல்லாம் இருளே என்ற கருத்துப்பட உரையாற்றினார். இதனை ஒரு பேரறிஞரின் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. 1884-85இல் பேர்லினில் கூடிய வல்லரசுகள் அக்கண்டத்தைப் பங்கிடுவதற்கு விதிகள் வகுத்தபோது, அம்மேசையில் ஓர் ஆபிரிக்கரேனும் இருக்கவில்லை. வரலாறற்ற நிலம் உரிமையாளரற்ற நிலம் என்று கொண்டாலன்றோ பங்கீடு நியாயமாகும்? சிம்பாப்வேயின் மாபெருங் கற்கட்டடங்களை ஆபிரிக்கரே எழுப்பினர் என்பதைக் கேற்றன்-தொம்சன் என்னும் ஆய்வாளர் 1929இலேயே நிறுவினார். அதன் பின்னரும், அவற்றைக் கட்டியோர் பினீசியரே என்றும் வேறு அந்நியரே என்றும் கதை கட்டுவதில் ரொடீசிய வெள்ளையர் சளைக்கவில்லை. 1897இல் பெனின் நகரை எரித்த பிரித்தானியப் படை, அங்கிருந்து ஆயிரக்கணக்கான வெண்கலச் சிற்பங்களையும் தந்த வேலைப்பாடுகளையும் அள்ளிச் சென்றது. பண்பாடற்றோர் வீட்டில் கொள்ளையிட இத்தனை கலைச்செல்வம் எங்ஙனம் இருந்தது?

அன்று ஆபிரிக்கருக்குப் பண்பாடே இல்லை என்றனர். இன்று பண்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றை விட்டுவிடுகின்றனர். முரசொலிக்குக் கைதட்டுவோர், அம்முரசை ஒலிப்பவனின் நிலம் யாரிடம் உள்ளது என்று கேட்பதில்லை. ஆபிரிக்கக் கலைஞர்களோ இவ்வாறு பிரித்துப் பார்த்தவர்களல்லர். கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, 1977இல் கமிரீத்துக் கிராமத்து உழவரையும் தொழிலாளரையும் நடிகராக்கிக் கிகூயு மொழியில் நாடகம் மேடையேற்றினார். நாடகம் தடுக்கப்பட்டது, அவர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார். ஆங்கிலத்தில் எழுதிய காலத்தில் வராத சிறை, மக்கள் மொழியில் மக்களையே மேடையேற்றியபோது வந்தது! சிறையிலே மலசலகூடத் தாளில் அம்மொழியிலேயே நாவலொன்றை எழுதினார். பண்பாடு விருந்துமண்டப அலங்காரம் என்பாருக்கு இதனினும் தக்க மறுமொழி வேறில்லை.

அவரைச் சிறையிட்டது வெள்ளையர் ஆட்சியன்று. சுதந்திர கென்யாவின் ஆட்சியே. "அறுபதாண்டாக ஆள்வோர் ஆபிரிக்கர் தாமே! இன்னும் ஏகாதிபத்தியத்தைப் பழித்து என்ன பயன்?" என்று கேட்போர் இதனையே சான்றாகக் காட்டுவர். உள்நாட்டு ஆட்சியாளரின் குற்றத்தை மறைக்க நாம் முற்படவில்லை. 1975இல் அவ்வொற்றுமை நிறுவனத்தின் தலைமைப் பீடத்தில் இடி அமீன் அமர்ந்தார். தான்சானியாவின் நைரேரே அம்மாநாட்டைப் புறக்கணித்தார். பலரோ பிறநாட்டு உள்விவகாரம் என்று வாளாவிருந்தனர். இத்தகைய ஆட்சியாளருக்கும் 'விடுதலை' கசப்பான சொல்லே. அச்சொல் உதிர்ந்ததில் இலாபமடைந்தோர் அந்நியர் மட்டுமல்லர்.

எனினும், ஆட்சியாளரை மட்டும் குற்றங்கூறி அமைவது பாதிக் கணக்கேயாகும். கொங்கோவின் மக்கள் தேர்ந்த பிரதமர் பற்றிஸ் லுமும்பா 1961 சனவரி 17இல் கொல்லப்பட்டார். அக்கொலையில் பெல்ஜிய அமைச்சர் சிலருக்குத் தார்மிகப் பொறுப்புண்டு என 2001இல் அந்நாட்டுப் பாராளுமன்ற விசாரணைக்குழுவே ஒப்புக்கொண்டது. அமிலத்திற் கரைக்கப்பட்ட அவருடலில் எஞ்சியிருந்த ஒரு பல், 2022இற்றான் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகில் அகழப்படும் கோபால்ற்றில் பாதிக்கு மேற்பட்டதை இன்று அந்த மண்ணே தருகிறது. எமது கைத்தொலைபேசிகளின் மின்கலங்களிலும் அது இருக்கலாம். அதை அகழ்வோர் வறியராகவே உள்ளனர். புர்கினா பாசோவின் தோமஸ் சங்காரா, 1987 யூலையில், அடிஸ் அபாபாவிலேயே நின்று, குடியேற்றவாதிகள் சுமத்திய கடனை ஆபிரிக்கா ஒன்றுபட்டு மறுக்கவேண்டும் என முழங்கினார். அவ்வாண்டு ஒக்டோபர் 15இல் அவரும் கொல்லப்பட்டார்.

1990இல் நமீபியா விடுதலை பெற்றது. 1994இல் தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. ஆகவே அச்சொல்லின் பணி முடிந்தது என்பார் உளர். மேற்குச் சகாராவின் பெரும்பகுதி இன்னும் மொறொக்கோவின் பிடியில் உள்ளதே! கொடி மாறியதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. கடனும் கனிவளமும் கொள்ளைபோன கலைச்செல்வமும் இன்னும் அக்கணக்கில் நிலுவையாய் நிற்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இது எமக்கு அந்நியமான செய்தியன்று. 1955இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. கானா என்ற பெயரை இன்னும் பெறாத பொற்கரையும் அம்மாநாட்டிற்குப் பிரதிநிதிகளை அனுப்பிற்று. 'இருண்ட கண்டம்' என்ற தொடர் தமிழிலும் புகுந்து நெடுங்காலம் வழங்கிற்று. அதை வகுப்பறையிலிருந்து அகற்றுவது ஆசிரியர் கையிலுள்ளது. ஆபிரிக்கப் படத்தைச் சுவரில் மாட்டி, நேர்கோடாய் ஓடும் எல்லைகளை யார், எதற்காக வரைந்தனர் என்று மாணவரைக் கேளுங்கள். மே 25இல் ஆடலும் நிகழட்டும். அதற்கு முன், அந்நாளின் முழுப்பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள்: ஆபிரிக்க விடுதலை தினம்.