காய்ந்த எண்ணெய் எங்கே போகிறது?

ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் தினம். அன்றைய மேடைகளில் ஒரு கதை தவறாமல் வரும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? கதை உண்மைதான், ருடால்ஃப் டீசலே அதைப் பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார். ஆனால், தாவர எண்ணெயில் வண்டி ஓட்டும் ஆசையில் இந்திய அரசு இலக்கு வைப்பதும், அதைக் கோட்டை விடுவதும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது.

2003-இல் திட்டக் கமிஷனின் குழு, 1.12 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு பயிரிட்டு 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. தமிழகத்திலும் தரிசு நிலங்களில் நடச் சொன்னார்கள். தண்ணீர் தேவைப்படாத பயிர் என்றார்கள்; தண்ணீர் இல்லாத இடத்தில் அது உயிரோடு நின்றதே தவிர, கட்டுப்படியாகும் அளவுக்குக் காய்க்கவில்லை. 2009-இல் வந்த கொள்கை அதே 20 சதவீதத்தை 2017-க்குத் தள்ளி வைத்தது. 2018-இல் வந்த கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கி வந்தது. பல ஆண்டுகளாக டீசலில் கலந்த அளவோ ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

காரணம் எளிது: நம்மிடம் எண்ணெய் இல்லை. சமையலுக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. அதில் பெரும்பங்கு இந்தோனேசிய, மலேசிய பாமாயில். 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது இங்கே எழுந்த கலக்கம் நினைவிருக்கும். ஆண்டுக்கு நாம் இறக்குமதி செய்யும் சமையல் எண்ணெய் சுமார் 1.6 கோடி டன். எரிக்கும் டீசல் சுமார் 9 கோடி டன். இறக்குமதியாகும் எண்ணெய் முழுவதையும் டேங்கில் ஊற்றினாலும் டீசல் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போகத் தொடங்கியதும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையைச் சொல்லிப் புலம்பினார்களே, அந்தப் புலம்பல் அடுக்களைக்கும் வர வேண்டாம். புதிய எண்ணெய் உணவுக்கு மட்டுமே என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும்.

மிஞ்சுவது பழைய எண்ணெய். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் அதை பயோடீசலாக மாற்றும் ‘ரூக்கோ’ திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டில் 220 கோடி லிட்டர் திரட்ட முடியும் என்றது. ஒரு சொட்டு விடாமல் திரட்டினாலும் அது டீசல் தேவையில் இரண்டு சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். ஆகவே, இதை எரிபொருள் தன்னிறைவுத் திட்டம் என்று விற்பது ஏமாற்று. இது முதலில் ஒரு பொதுச் சுகாதாரத் திட்டம். அப்படிப் பார்த்தால் இதைவிட அவசரமானது வேறில்லை என்பதே நம் நிலைப்பாடு.

பெரிய ஓட்டல்களும் ஸ்வீட் ஸ்டால்களும் கழிக்கும் எண்ணெய் சாக்கடைக்கு மட்டும் போவதில்லை. தரகர் கைமாறி, பாதி விலைக்குத் தள்ளுவண்டிச் சட்டிக்கும் போகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் நச்சுப் பொருட்கள் ரத்த அழுத்தம், இதய நோய், கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு தொடர்புடையவை. எண்ணெய் கெட்டதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்திப் பொரிக்கும் நிறுவனங்கள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவர்களிடமே பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல். ஓட்டை அந்த 50 லிட்டரில்தான் இருக்கிறது. தெருமுனை பஜ்ஜிக் கடை எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொரு பக்கம், பழைய எண்ணெயை வடிகட்டி நேரே காரில் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள். 2002-இல் பிரிட்டனின் லனெல்லி நகரில் பலர் சூப்பர் மார்க்கெட் எண்ணெயை டீசலில் கலந்து ஓட்டி, புகையில் வந்த பொரித்த வாசனையால் போலீசில் சிக்கினார்கள். அவர்கள் மீதான புகார் எரிபொருள் வரி ஏய்ப்பு; 2007-இல் அங்கே ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை வரிவிலக்கே கொடுத்தார்கள். நமக்கு வரியைவிட இன்ஜின்தான் கவலை. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு வரை கெட்டி. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி கொஞ்ச காலம் தாங்கும். இன்றைய ‘காமன் ரெயில்’ டீசல் வண்டியில் இன்ஜெக்டரில் கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டும், இன்ஜின் ஆயில் கூழாகும். மெத்தனால் சேர்த்து வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு கிடைப்பதே பயோடீசல். அது தரம் பார்க்கப்பட்டு, எண்ணெய் நிறுவனங்கள் வழியே டீசலில் கலக்கட்டும். வீட்டுக் கொல்லையில் மெத்தனாலோடு விளையாட வேண்டாம்.

தமிழக அரசு செய்ய வேண்டியது இதுதான். குப்பை வண்டி போல, எண்ணெய் வண்டியும் வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்கு வரட்டும். பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுக்கலாம். பழைய எண்ணெயைக் கொடுக்கும் சிறுகடைக்காரருக்குப் புதிய எண்ணெயில் தள்ளுபடி வேண்டும். நஷ்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டு அபராதச் சீட்டோடு போனால், எண்ணெய் மறுபடி தரகரிடமே போகும். அந்தத் தள்ளுபடிச் செலவை, பயோடீசல் வாங்கும் எண்ணெய் நிறுவனங்கள் ஏற்கலாம்; அவற்றுக்கு விற்கும் பயோடீசலுக்கு 2021-இல் ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை மறக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐரோப்பா பழைய எண்ணெய்க்குச் சலுகைகளை அள்ளிக் கொடுத்ததும், புதிய பாமாயிலே பழையது என்ற பெயரில் வருகிறதோ என்ற சந்தேகம் அங்கே கிளம்பியது. பழையதன் விலை புதியதை எட்டவே கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில், மீந்த எண்ணெயை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள்.