கப் ஜெயிச்சாச்சு... காலேஜ் முடிஞ்சதும் என்ன?

மூன்று வருஷம் காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் ஓடியாடிய பெண். ஷெல்ஃப் நிறைய கப். கடைசி செமஸ்டரோடு ஷூவும் பரணுக்குப் போய்விடுகிறது. "படிப்பு முடிஞ்சாச்சு, இன்னும் என்னம்மா பந்து?" என்று வீட்டில் கேட்டுவிடுவார்கள்.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில்தான் கஷ்டமே. அங்கே கூட ஓர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். பெண்களின் விளையாட்டும் பெரும்பாலும் அறுந்துபோவது, காலேஜும் அடுத்த வாழ்க்கையும் சேரும் இடத்தில்தான்.

அங்கே அறுந்துபோகாமல் ஆடியவர் சென்னையின் அனிதா பால்துரை. பள்ளி வயதில் தடகளம், வாலிபால் என்று இருந்தவரை பாஸ்கெட்பாலுக்குக் கொண்டுவந்தது பயிற்சியாளர் சம்பத். இருபது வயதுக்குள்ளேயே இந்திய அணியின் கேப்டன்! தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வேலையும் பயிற்சியும் சேர்ந்தே நடந்தன. திருமணம், குழந்தை என்று ஆன பிறகும் களத்துக்குத் திரும்பினார்.

2001 முதல் 2017 வரை தொடர்ந்து 9 ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள். 2013-ல் தோஹாவில் 3x3 ஆசியப் போட்டியில் தங்கம். 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது. வித்தியாசம் வெறும் இரண்டு பாயின்ட். அந்த வெற்றிதான் இந்திய அணியை மேல் பிரிவான 'ஏ'-வுக்கு ஏற்றியது. 2021-ல் அனிதாவுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

திறமை அவருடையது. ஆனால், அதைப் பதினேழு வருஷம் தாங்கிப் பிடித்ததில் மாதச் சம்பளத்துக்கும் பங்கு உண்டு.

உங்கள் வீட்டிலும் காலேஜ் டீமில் ஆடும் பெண் இருக்கிறாளா? ரயில்வே, ஐ.சி.எஃப், வருமான வரித்துறை போன்ற இடங்களில் விளையாட்டு வீரர்களுக்கென்றே வேலைவாய்ப்பு அறிவிப்புகள் வரும். தமிழக அரசுப் பணிகளிலும் சாதித்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டியின் சான்றிதழ் எந்த வேலைக்குச் செல்லும் என்பதை உடற்கல்வி இயக்குநரிடம் முதல் வருஷமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பை ஷெல்ஃபில் வைக்கலாம்... சான்றிதழை ஃபைலில் பத்திரமாக வையுங்கள்!