இடித்தால் பூஜ்யம், காத்தால் இருபது!

கிளாஸ்கோவில் 19-ஆம் நூற்றாண்டில் மணற்கல்லால் கட்டிய நாலடுக்குக் குடியிருப்புகளில் இன்றும் ஜனங்கள் வாழ்கிறார்கள். அதே ஊரில் 1960-களில் நவீனம் என்று எழுப்பிய ரெட் ரோடு கோபுரங்களில் கடைசி ஆறுக்கும் 2015-இல் வெடிவைத்தாகிவிட்டது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வரிச்சட்டமோ தலைகீழாகப் பேசுகிறது. ஸ்காட்லாந்தில் புதுவீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பழைய வீட்டின் கூரையைப் பழுதுபார்த்தாலோ, பின்பக்கம் ஓர் அறை சேர்த்தாலோ பொதுவாக 20 சதவீதம். ஈராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த வீடு, வீடாக மாறும் ஆபீஸ் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் 5 சதவீதம். சரி, வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டினால்? மறுபடியும் பூஜ்யம்தான்!

புதுவீடுகள் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். 2024-இல் ஸ்காட்லாந்து அரசே வீட்டுவசதி நெருக்கடியை அறிவித்தது. அதற்காக, நிற்கிற வீட்டுக்கு அபராதம் போடுவானேன்? வீடுகள் குறைவாக இருக்கும்போதுதானே இருப்பதைக் காக்க வேண்டும்? இந்த வரி எடின்பரோவின் கையில் இல்லை. லண்டன்தான் மாற்ற வேண்டும். கட்டுவதற்கும் காப்பதற்கும் ஒரே வரி வையுங்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்கிறவர் செய்த குற்றம்தான் என்ன?