ஒரே இரவில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு... வேலூரின் ஐடா பாட்டி!

பிரசவத்தில் சிக்கல், தோல் தொழிற்சாலையில் அடிபட்ட கை, குழந்தைக்கு இறங்காத காய்ச்சல்... எதுவாக இருந்தாலும் நிலைமை கைமீறினால் பேரணாம்பட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: ''வேலூருக்குக் கொண்டு போங்க!''

அப்படி வேலூருக்குப் போகிறவர்கள் குடியாத்தம் வழியாகத்தான் போக வேண்டும். நூறு வருடங்களுக்கு முன்பு அந்தச் சாலையில் எதிர்த்திசையில் ஒரு வண்டி வரும். வேலூரிலிருந்து டாக்டரே நோயாளிகளைத் தேடி குடியாத்தம் வரை வருவார். அவர்தான் ஐடா ஸ்கடர்.

'எனக்கு இந்த ஊர் வேண்டாம்!'

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. தாத்தா, அப்பா இருவருமே மருத்துவ மிஷனரிகள். சிறுமியாக இருந்தபோதே தாது வருடப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அதனாலேயே, 'அமெரிக்காவில் திருமணம் செய்துகொண்டு நிம்மதியாக வாழ வேண்டும்' என்பதுதான் இளம் வயதில் அவருடைய ஆசை. படிப்பு முடிந்ததும், உடல்நலமில்லாத அம்மாவைக் கவனித்துக்கொள்ள மட்டும் திண்டிவனம் வந்தார்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர். மனைவிக்குப் பிரசவம், உதவிக்கு வர வேண்டும் என்றார். ''நான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள்'' என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தன் மனைவியைப் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. சிறிது நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு.

மறுநாள் காலை ஆள் அனுப்பி விசாரித்தார் ஐடா. மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

ஐடாவின் முடிவு அன்றைக்கே மாறியது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கிய முதல் பெண்கள் அணியில் அவரும் ஒருவர்.

மரத்தடி மருத்துவமனை

1900-ல் வேலூரில் தொடங்கும்போது கையில் இருந்தது ஒரே ஒரு படுக்கை. 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. ஆனாலும், கிராமத்துப் பெண்கள் அத்தனை தூரம் வர முடியவில்லை. எனவே, மருந்துப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐடாவே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் மரத்தடியில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அங்கேயே பரிசோதனை, அங்கேயே புண்ணுக்குக் கட்டு. 'ரோட்சைடு' என்றே அதற்குப் பெயர்.

1909-ல் பியூஜோ மோட்டார் கார் வந்தது. தானாக ஓடும் வண்டியைப் பார்த்துப் பேய் என்று ஓடியவர்களும் உண்டு. சில காலத்தில் அவர்களே அந்த வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

மூன்று பேர் வந்தாலே அதிகம்!

எத்தனை மரத்தடிகளுக்கு ஒரு டாக்டர் போக முடியும்? 'நம் பெண்களையே டாக்டராக்கினால்தான் தீர்வு' என்று முடிவெடுத்தார் ஐடா. 'மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிய விஷயம்' என்று கேலி பேசியவர்கள் உண்டு. 1918-ல் வந்த விண்ணப்பங்கள் 151! 1922-ல் முதல் அணியாக 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

பெரிய சோதனை முதுமையில் வந்தது. பள்ளியைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தாவிட்டால் மூட வேண்டிய நிலை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 70 வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின. அதுதான் இன்றைய சி.எம்.சி. சில ஆண்டுகளில் அதன் முதல் இந்திய இயக்குநராக டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றார். அவரும் ஒரு பெண்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவிகளுக்கு அவர் 'ஐடா ஆன்ட்டி'. அவர்களிடம் படித்தவர்கள், அந்த மருத்துவமனையில் பிறந்தவர்கள் என்று கணக்கெடுத்தால், இந்த வட்டாரத்துக்கே அவர் பாட்டி முறைதான். 1960 மே 24 அன்று, 89 வயதில் கொடைக்கானலில் மறைந்தார்.

அந்த மூன்று பெண்களின் பெயர்கள்கூட இன்று நமக்குத் தெரியாது. 'பிரசவம் பார்க்க ஒரு பெண் டாக்டர் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காகப் போன உயிர்கள் அவை. இன்று பேரணாம்பட்டில் புர்கா அணிந்த ஒரு கர்ப்பிணி தயக்கமில்லாமல் ''டாக்டரம்மா இருக்காங்களா?'' என்று கேட்க முடிகிறது. அந்தக் கேள்விக்கு ''இருக்காங்க'' என்று பதில் கிடைப்பதற்காகத்தான் ஐடா தன் வாழ்நாள் முழுக்க ஓடினார்.

இந்த வாரம் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: ''உனக்குப் பிரசவம் பார்த்தது யாரு பாட்டி?'' அந்தப் பதிலுக்குள்ளும் ஒரு பெண்ணின் துணிச்சல் இருக்கலாம்!